எண்ணாமல் விட்ட நாள்

1993 மார்ச் 2
நம் கணக்கில் பத்து கான்
மெக்சிகோ, அகதி முகாம்

தம்பி வென்தூராவுக்கு,

அக்கா தெக்லா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைத்துவிடாதே, நானேதான். இதுவரை உனக்கு வந்த நான்கு கடிதமும் முகாம் வாத்தியார் எழுதியவை. நான் பத்து வார்த்தை சொன்னால் அந்த மனுஷன் இரண்டு எழுதுவார். மேலே பாதிரியார் காலண்டர் தேதி மட்டும் போடுவார், நம் முன்னோர் எண்ணி வந்த நாளைப் போடச் சொன்னால் "அதெல்லாம் தபாலுக்கு வேண்டாம்மா" என்பார். ஒரு வருஷமாகப் பெண்கள் வகுப்பில் உட்கார்ந்து, நாற்பத்தெட்டு வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். இனி என் கடிதத்தின் தலையில் நம் நாள்தான் இருக்கும்.

நல்ல செய்தி சொல்கிறேன், உட்கார்ந்து படி. எல்லை தாண்டி ஊர் திரும்பப் போகிறோம். எங்கள் முகாமிலிருந்து நாற்பது குடும்பம். பஸ் எப்போது கிளம்ப வேண்டும் என்று கமிட்டிக்காரர்கள் என்னைத்தான் வந்து கேட்டார்கள். முள்முருங்கை விதைகளைப் பரப்பி எண்ணிப் பார்த்து, செப்டம்பர் ஐந்து, இரண்டு ஏ என்று சொல்லிவிட்டேன். ஏ பாதையின் நாள், அதில் கிளம்பினால் வழியில் தொல்லை இருக்காது. இந்த முகாமில் நாள் எண்ணுகிறவள் நான் ஒருத்திதான். இங்கே பிறந்த அறுபத்தொரு பிள்ளைகளுக்கும் அவர்கள் நாளைச் சொன்னது நான்தான். நம் அப்பா இருந்திருந்தால் தோளில் தட்டியிருப்பார்.

அப்பா அறையைக் காலி செய்து வை. அங்கே பன்றி கட்டியிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். உனக்குச் சூடு சொரணை இருந்தால் நான் வருவதற்குள் அது வெளியே போயிருக்கும்.

கந்தெலாரியாவுக்கும் குழந்தை இசித்ரோவுக்கும் மெழுகுவர்த்தி ஏற்றுவதை விட்டுவிடாதே. உன் பெண்டாட்டி பிள்ளைக்கு நீ செய்யக்கூடியது இனி அது ஒன்றுதான். ஊர் எரிந்து எல்லோரும் காட்டுக்குள் ஓடிய அன்று நீ மட்டும் கடற்கரைக் காப்பித் தோட்டத்தில் களை வெட்டிக்கொண்டிருந்தாய். அதை நான் குத்திக் காட்டவில்லை. ஆனாலும் நினைப்பு வருகிறது.

உன் அக்கா,
தெக்லா


1993 மார்ச் 19
இரண்டு அகபால்
ஊர்

அக்கா,

உன் கடிதம் வந்தது. எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தாலும் மூன்று தடவை படித்தேன், மூன்று தடவையும் அழுதேன். பன்றியை நேற்றே விற்றுவிட்டேன். அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். நீ வந்து குறை சொல்ல ஒன்றுமே இல்லாமல் செய்துவிடுவேன், பார்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. மார்ச் இரண்டாம் தேதி பத்து கான் என்று போட்டிருக்கிறாய். இங்கே அன்று பதினொன்று கமே. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். கமே சாவின் நாள் இல்லையா, பக்கத்து வீட்டுத் தியோதோரோ அன்றுதான் செத்துப்போன தன் தகப்பனுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினான். எனக்கும் ஒரு கிளாஸ் சாராயம் ஊற்றினான். சாராயம் கொடுத்த நாளை நான் மறப்பேனா?

நீ நாளை மாற்றி எழுதியிருக்கிறாய்! சின்ன வயதில் நாள் பெயரை மாற்றிச் சொன்னதற்கு அகப்பையால் என் முட்டியைப் பெயர்த்தவள் நீ. நாற்பது வயதிலும் அந்த முட்டி மழைக்கு வலிக்கிறது. இப்போது யார் முட்டியைப் பெயர்ப்பது? எழுதத் தெரிந்த சந்தோஷத்தில் கை நழுவியிருக்கும், போகட்டும். தியோதோரோவிடம் சொன்னேன், அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "தெக்லாவா? அந்த அம்மா தூக்கத்துல கூட நாளைத் தப்பா சொல்லாதே!" என்றான்.

வென்தூரா


1993 ஏப்ரல் 4
நான்கு திஹாஷ். ஆமாம், நான்குதான். நன்றாகப் பார்த்துக்கொள்.
முகாம்

வென்தூரா,

தியோதோரோவிடம் சொல்லிச் சிரித்தாயா? நல்லது. உனக்கு வாய்க்கொழுப்பு இன்னும் குறையவில்லை.

என் கை நழுவவில்லை. நான் எழுதியது சரி. சாராயம் குடித்துவிட்டு நாளை விட்டது நீங்கள்தான். பதினொரு வருஷமாகத் தினமும் காலையில் கண் விழித்ததும் அன்றைய நாளின் பெயரையும் எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் அடுப்பு மூட்டுகிறேன். காய்ச்சலில் கிடந்தபோதும் சொன்னேன். இந்த முகாம் வெள்ளத்தில் போனபோது கூரை மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். ஒரு நாள் கூட விட்டதில்லை.

விளையாட்டாக எழுதிவிட்டாய், அதன் பொருள் உனக்குப் புரிகிறதா? பெயர் இருபது, எண் பதின்மூன்று. இரண்டும் சேர்ந்து ஒரு சுற்று வர இருநூற்று அறுபது நாள். அதில் ஒன்று பிசகினால் மிச்சம் அத்தனையும் பிசகு. நாயின் நாளில் பிறந்தவன் என்று நான் சொன்ன பிள்ளை, நூலின் நாளுக்குப் போய்விடுவான். என் பேச்சை நம்பிக் கல்யாணம் முடித்தவர்கள் இருக்கிறார்கள், விதைத்தவர்கள் இருக்கிறார்கள். செத்தவர்களுக்கு என் வாயைப் பார்த்து நாள் குறித்திருக்கிறார்கள். அப்படியானால் நான் இத்தனை பேரை ஏமாற்றினேன் என்றா சொல்கிறாய்?

உனக்குச் சந்தேகம் இருந்தால் தியோதோரோவைக் கேட்காதே. மூன்று ஊருக்குப் போ. நாள் எண்ணுகிறவர்கள் மூன்று பேரை, ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் கேள். கேட்டுவிட்டு எனக்கு மன்னிப்புக் கடிதம் எழுது. அதுவரை பேசாதே.

தெக்லா


1993 ஏப்ரல் 27
இரண்டு இக்
ஊர்

அக்கா,

போனேன். மன்னிப்புக் கேட்க நானும் ஆசையாகத்தான் போனேன், சத்தியமாக.

முதல் ஊரில் நாள் எண்ணுகிற பெரியவர் பீன்ஸ் காயவைத்துக்கொண்டிருந்தார். "இதுக்கா மலை ஏறி வந்தே? இன்னிக்கு ரெண்டு தோஹ். சின்னப் புள்ளயக் கேட்டாலே சொல்லுமே" என்றார். அது ஏப்ரல் பதினாலு. இரண்டாவது ஊரில் ஒரு அம்மாள் இருக்கிறார். விதையைத் தொடக்கூட இல்லை, விரலை மடக்கிச் சொல்லிவிட்டார். மூன்றாவது ஊரில் சந்தையில் நான்கு பேர் சேர்ந்து சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரே நாள். உன் நாள் மட்டும் ஒன்று பின்னால் நிற்கிறது.

எனக்குச் சிரிப்பு போய்விட்டது அக்கா. நீ நாளை விடுகிறவள் இல்லை. அது எனக்குத் தெரியும், இந்த ஊருக்கே தெரியும். அம்மா செத்த அன்று கூட அழுதுகொண்டே நாளைச் சொன்னாய். அப்படிப்பட்டவள் எங்கே ஒரு நாளை விட்டாய்?

இங்கே இருந்தவரை நீ சொன்னதும் ஊர் சொன்னதும் ஒன்றாகத்தான் இருந்தது. அப்படியென்றால் ஓடும்போதுதான் விட்டிருக்கிறாய், இல்லை முகாமுக்கு வந்த பிறகு. யோசித்துப் பார்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கந்தெலாரியாவும் இசித்ரோவும் எல்லை முகாமில் ஒரே நாளில் காய்ச்சலில் போனார்கள், பதின்மூன்று ஈஷ் அன்று என்று எழுதியனுப்பியிருந்தாய். அதை நம்பி அந்த நாளில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருக்கிறேன். இப்போது அது சரியா தப்பா? என் பிள்ளை செத்தது எந்த நாள்? வேறு யாரோ ஒருத்தன் நாளில் அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேனா? அவனுக்கு அது கேட்டிருக்குமா? அறுபத்தொரு பிள்ளைகள் கணக்கை நீ பிறகு பார். என் ஒரு பிள்ளையின் நாளை எனக்குச் சொல்.

வென்தூரா


1993 மே 16
நாள் போடவில்லை
முகாம்

தம்பி,

மேலே நாள் எழுதக் கை வரவில்லை. எந்த நாளை எழுதுவது?

உன் கடிதம் வந்ததும் முதலில் கிழித்துப் போட்டேன். பிறகு பொறுக்கி எடுத்தேன். மறுநாள் சோளம் அரைக்கிற இடத்தில் பாஸ்குவாலா பக்கத்தில் நின்றாள். மேலத்தெரு பாஸ்குவாலா, நம்மோடு ஓடி வந்தவள், உனக்குத் தெரியும். அவளிடம் சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்.

"ஓடி வந்தப்ப பச்சூலா ஆத்துத் திருப்பத்துல நாணலுக்குள்ள கிடந்தோமே, அது என்ன நாளு?"

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. "இப்ப எதுக்குடி அது?"

"சொல்லு."

"எட்டு அஹ்மாக்."

"அதுக்கு அடுத்த நாள்?"

"அதுவும் எட்டு அஹ்மாக்னு நீதானே சொன்னே."

அரைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டேன். "நான் சொன்னா? நீ ஏன் மறுக்கல?"

"யாரு மறுப்பா தெக்லா? அங்க இருந்த முப்பத்தி நாலு பேருக்கும் நாள் தெரியும். விடிஞ்சதும் நீ எட்டு அஹ்மாக்னு சொன்னே. ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துக்கிட்டோம். உனக்கு அந்த முந்தின நாள் வேண்டாம்னு வெச்சுட்டே. எங்களுக்கும் வேண்டாம். அதான் விட்டுட்டோம். பதினோரு வருஷமா நீ தெரிஞ்சுதான் சொல்றேன்னுல்ல நெனச்சுக்கிட்டிருக்கோம்."

எனக்குத் தெரியாது வென்தூரா. அப்பா மேல் ஆணை, எனக்குத் தெரியாது. நான் வேண்டுமென்று விடவில்லை. விட்டதே எனக்குத் தெரியவில்லை. முப்பத்திமூன்று பேருக்குத் தெரிந்தது, நாள் எண்ணுகிற எனக்கு மட்டும் தெரியவில்லை.

இனி மறைத்துப் பயனில்லை. இதை வாத்தியாரை வைத்துச் சொல்ல முடியாமல்தான் அன்று பொய் எழுதச் சொன்னேன். இப்போது என் கையே எழுதுகிறது, எழுதித் தீர்க்கிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு படி.

1982 ஜூலை நான்கு, நான்கு ஏ, சந்தை நாள். அன்று சிப்பாய்கள் ஊருக்குத் தீ வைத்தார்கள். ஓடினோம். ஐந்து ஆஹ், ஆறு ஈஷ், ஏழு ட்ஸிகின், மூன்று நாளும் காட்டுக்குள். இந்த மூன்றையும் நான் சரியாகச் சொல்லியிருக்கிறேன். கந்தெலாரியாவுக்குப் பால் வற்றிவிட்டது. இசித்ரோவுக்கு எட்டு மாதம், கீழே இரண்டு பல் முளைத்திருந்தது. பசியில் ஓயாமல் அழுதான்.

எட்டு அஹ்மாக் காலையில் நாணலுக்குள் படுத்திருந்தோம். எதிர்க்கரையில் ரோந்து வந்தது. முன்னால் கத்தியும் தடியுமாக எந்த ஊர்க்காரர்களோ, நாணல் மறைப்பில் முகம் தெரியவில்லை, பின்னால் சிப்பாய்கள். இசித்ரோ அழ ஆரம்பித்தான். கந்தெலாரியா வெறும் முலையை வாயில் வைத்தாள், அவன் துப்பினான். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். மூத்தவள் நான்தானே. அவள் கையிலிருந்து பிள்ளையை வாங்கி மடியில் போட்டு, சால்வையை நான்காக மடித்து அவன் முகத்தில் வைத்து அழுத்தினேன். ரோந்து நின்றது. நிற்கட்டும், போய்விடும் என்று நினைத்தேன். அது போகவில்லை. நானும் கையை எடுக்கவில்லை.

அவர்கள் போன பிறகு எடுத்தேன்.

உன் பிள்ளை காய்ச்சலில் சாகவில்லை. நான் கொன்றேன். கந்தெலாரியா ஒரு சொல் சொல்லவில்லை, என்னை அடிக்கவும் இல்லை. அவனை நாணல் வேரடியில் புதைத்தோம். எல்லை சேரும் வரை அவள் என் முன்னாலேயே நடந்தாள், ஒரு தடவை திரும்பிப் பார்க்கவில்லை. காய்ச்சலில் போனது அவள் மட்டும்தான். அவள் நாளுக்கு ஒன்றைக் கூட்டிக்கொள், ஒன்று ட்ஸிகின்.

இசித்ரோவின் நாள் எட்டு அஹ்மாக். நீ கேட்டாய், சொல்லிவிட்டேன். நான் ஊருக்கு வரவில்லை. பஸ் வரும், அதில் நான் இருக்க மாட்டேன். அறைக்கு அடித்த சுண்ணாம்பு வீண்தான்.

தெக்லா


1993 ஜூன் 20
நான்கு அஹ்மாக்
ஊர்

அக்கா,

உன் கடிதம் மே கடைசியில் வந்தது. மூன்று வாரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். வேர்வையில் மை கரைந்துவிட்டது, ஆனால் மனப்பாடம். பாவத்தைச் சொல்ல அஹ்மாக் நாள்தான் வேண்டும் என்று இன்று வரை காத்திருந்தேன்.

முதலில் படித்தபோது உன்னைக் கொல்ல வேண்டும் போலிருந்தது. மறைக்கவில்லை, அப்படித்தான் இருந்தது. கோடாரியை எடுத்துக்கொண்டு போய் ஒரு மரத்தை வெட்டிச் சாய்த்தேன். வெட்டிக்கொண்டிருக்கும்போதே நாள் மண்டையில் ஏறியது. எட்டு அஹ்மாக். பச்சூலா ஆற்றுத் திருப்பம். காலை. கோடாரியைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தியோதோரோ வந்து "என்னடா, பேய் அறைஞ்ச மாதிரி இருக்கே?" என்று உலுக்கினான்.

அக்கா, நான் கடற்கரைத் தோட்டத்தில் இல்லை. அங்கே போய்ச் சேரவே இல்லை. பாலத்திலேயே சிப்பாய்கள் பிடித்துவிட்டார்கள். ராணுவ முகாமில் அடைத்து, நான்கு நாள் அடித்து, கையில் தடியைக் கொடுத்தார்கள். "உன் ஊர்க்காரங்க ஓடின வழி உனக்குத்தான் தெரியும், முன்னால நட" என்றார்கள். நட என்றால் நடக்க வேண்டும். நடக்க மாட்டேன் என்ற இரண்டு பேரை என் கண் முன்னாலேயே கிணற்றில் தள்ளினார்கள். பிறகு உனக்கு எழுதும்போது களை வெட்டினேன் என்று எழுதினேன். வெட்கம். வேறு என்ன எழுதுவது?

அன்று எட்டு அஹ்மாக் காலையில் எதிர்க்கரையில் முன்னால் நடந்தவன் நான்தான்.

நாணலுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. குழந்தைச் சத்தம். அது குழந்தை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது, பிள்ளை பெற்றவனுக்குத் தெரியாதா? லெப்டினன்ட் கையைத் தூக்கி நிறுத்தினான்.

"என்னடா அது?"

"பறவைங்க ஐயா. நாணல்ல கூடு கட்டும்."

"பறவையா? சரி, இன்னொரு தடவ கத்தட்டும், பாப்போம்."

ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தான். அது எரிந்து முடியும் வரை நாங்கள் எல்லோரும் நின்றோம். இன்னொரு சத்தம் வந்தால் சுடுவார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? வேண்டிக்கொண்டேன். இன்று எட்டு அஹ்மாக், முன்னோர்களே, கேட்டதைக் கொடுக்கிற நாள், யார் பெற்ற பிள்ளையோ, அதன் வாயை மூடுங்கள், சத்தமே வரக்கூடாது என்று உயிரைக் கொடுத்து வேண்டிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அப்படி வேண்டியதில்லை. சத்தம் வரவில்லை. லெப்டினன்ட் சிகரெட்டைத் தண்ணீரில் வீசிவிட்டு நடந்தான்.

அன்று சாயங்காலம் சாம்பிராணி கிடைக்கவில்லை. ஒரு கைப்பிடிச் சர்க்கரையை நெருப்பில் போட்டு நன்றி சொன்னேன். பிறகு ஒவ்வொரு எட்டு அஹ்மாக்கும் மலை மேல் போய்ச் சர்க்கரை போட்டு நன்றி சொல்கிறேன். பதினைந்து தடவை சொல்லிவிட்டேன். என் வேண்டுதல் பலித்த ஒரே நாள் அது என்று தியோதோரோவிடம் பெருமை அடித்திருக்கிறேன்.

உன்னைத் திட்ட எனக்கு என்ன வாய் இருக்கிறது? நீ அழுத்தினாய். நான் அழுத்தச் சொல்லி வேண்டினேன். அந்தப் பிள்ளைக்குத் தப்பிக்க எந்தப் பக்கம் வழி இருந்தது?

வராமல் இருந்துவிடாதே. நீ வராவிட்டால் இதை நான் யாரிடம் பேசுவேன்?

வென்தூரா


1993 ஜூலை 12
பதின்மூன்று திஹாஷ்
முகாம்

வென்தூரா,

மேலே பார். உன் நாளும் என் நாளும் இப்போது ஒன்று.

உன் கடிதத்தைத் தபால்காரர் சோளம் அரைக்கிற இடத்திலேயே கொடுத்தார். அங்கேயே பிரித்தேன். பாலம் என்று எழுதியிருந்த இடத்திலேயே காகிதம் கையிலிருந்து விழுந்தது. பாஸ்குவாலா குனிந்து எடுத்தாள், பிடுங்கிக்கொண்டேன். "யாருடி செத்தா?" என்றாள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நீயா? நீயா? என்று சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை கையில் தடியோடு எங்கள் எதிரே நின்றிருக்கிறான். நான் அவன் பிள்ளையை அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்படியும் நடக்குமா வென்தூரா? சொன்னால் யாராவது நம்புவார்களா?

மூன்றாம் நாள் எழுந்தேன். நாற்பது குடும்பத்தையும் கூப்பிட்டேன். என் கணக்கு தப்பு, பதினொரு வருஷமாக எல்லோருக்கும் நாளை மாற்றிச் சொல்லியிருக்கிறேன் என்றேன். எங்கே விட்டேன், ஏன் விட்டேன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். ஓடி வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தி அழுதுகொண்டே கத்தினாள். "நாய் நாள்ல பொறந்தவன், அதான் ஊர் மேயறான்னு என் பையனப் பத்து வருஷமா அடிச்சேனே! அந்த அடியெல்லாம் இப்ப யாருக்குப் போச்சு?" என்றாள். எனக்குக் கொடு என்றேன். அவள் என்னை அடித்தாள். நன்றாகவே அடித்தாள். நான் தடுக்கவில்லை.

ஜூலை பத்து காலையில் பத்து ட்ஸிகின் என்று உரக்கச் சொன்னேன். மதியம் பதினொன்று அஹ்மாக் என்றேன். ஒரே பகலில் இரண்டு நாள். விட்ட நாள் அப்படித்தான் உள்ளே வந்தது. அறுபத்தொரு பிள்ளைகளுக்கும் புது நாளைச் சொல்லிவிட்டேன். பஸ்ஸைச் செப்டம்பர் நான்குக்கு மாற்றச் சொல்லிவிட்டேன், இரண்டு ஏ உண்மையில் அன்றுதான். நானும் வருகிறேன்.

உனக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். போன கடிதத்தில் நான் எழுதாதது. எழுத வேண்டியது என்று அப்போது தோன்றவில்லை.

எதிர்க்கரைக் குரல் எங்களுக்குக் கேட்டது. ஸ்பானிய மொழியில், நடுங்கிக்கொண்டு, பறவைங்க ஐயா, கூடு கட்டும் என்றது. முப்பத்தி நாலு பேருக்கும் கேட்டது. மற்றவர்கள் யாரோ ஒரு புண்ணியவான் காப்பாற்றுகிறான் என்று நினைத்தார்கள். அந்தக் குரலுக்கு இன்று வரை பாஸ்குவாலா மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள். நான் அப்படி நினைக்கவில்லை. ரோந்துக்காரன் எவனோ மாட்டிவிடப் பார்க்கிறான், கூடு என்று சொல்லி இடத்தைக் காட்டிக்கொடுக்கிறான் என்றுதான் நினைத்தேன். அதுவரை என் கை லேசாகத்தான் இருந்தது வென்தூரா, பிள்ளை மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் பலமாக அழுத்தினேன். உனக்கு முதல் வார்த்தை சொல்லிக்கொடுத்தவள் நான். உன் குரலை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அந்தக் குரல் யாருடையது என்று நான் இங்கே சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

செப்டம்பர் எட்டு, ஆறு அஹ்மாக். ஊருக்கு வருமுன் ஆற்றுத் திருப்பத்தில் இறங்குகிறோம். அன்று ஓடி வந்தவர்களில் இருபத்தொரு பேர் உயிரோடு இருக்கிறோம், எல்லோரும் இறங்குவோம். நீ எதிர்க்கரையில் வந்து நில். உன் முகத்தைப் பார்க்க என்னால் முடியுமா தெரியாது, ஆனாலும் வா. அங்கே நின்றுகொண்டு வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினால் போதும். யார் என்று நீ சொல்ல வேண்டியிருக்காது, அவர்கள் அந்தக் குரலை மறக்கவில்லை.

தெக்லா